துப்பாக்கித் தொலைநோக்கியைத் தேர்ந்தெடுத்தல்

துப்பாக்கியின் மேல் பொருத்தப்படும் தொலைநோக்கி குண்டின் போக்கைத் திருத்துவதில்லை. சுடுவோரின் பார்வைக்கே துணை செய்கிறது. அதன் பொருளருகு லென்ஸ் தொலைப்பொருளின் தலைகீழ்ப் பிம்பத்தை உண்டாக்குகிறது. இடையிலுள்ள லென்சுகள் அதனை நிமிர்த்துகின்றன. கண்ணருகு லென்ஸ் பெரிதாக்கிக் காட்டுகிறது. பிம்பம் விழும் தளத்தில் குறுக்கிழைகள் இருப்பதால் இழையும் இலக்கும் ஒருங்கே தெரிகின்றன.

இக்கருவியை வாங்குவோர் உருப்பெருக்கத்தையே முதலிற் கேட்பது வழக்கம். ஆயின் பெருக்கம் மிகுந்த கருவியே சிறந்தது என்பது தவறு. பணி, ஒளி, தொலைவு ஆகிய மூன்றுமே தேர்வை முடிவு செய்ய வேண்டும்.

ஒளியும் பெருக்கமும்

4×32 என்னும் குறியீட்டில் 4 என்பது உருப்பெருக்கம். 32 என்பது பொருளருகு லென்சின் விட்டம், மில்லிமீட்டரில். பின்னதை முன்னதால் வகுத்தால், கண்ணருகே வெளிப்படும் ஒளிவட்டத்தின் விட்டம் 8 மி.மீ. எனக் கிடைக்கும். 12×40 கருவியில் இது ஏறத்தாழ 3.3 மி.மீ. மட்டுமே. நண்பகலில் கண்ணின் பாவை 2 அல்லது 3 மி.மீ. அளவே திறந்திருப்பதால் வேறுபாடு தோன்றாது. அந்தியில் பாவை 6 மி.மீ. வரை விரியுமாயின், இரண்டாவது கருவியின் ஒளி பாவைப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கைக்கூட நிரப்பாது, பிம்பம் மங்கும். மேலும், பெருக்கம் கூடக்கூடப் பார்வைப் பரப்பு சுருங்கும். கை நடுக்கமும் பெரிதாகத் தோன்றும்.

இடமாறு தோற்றம்

இலக்கின் பிம்பம் இழைகளின் தளத்தில் சரியாக விழாவிடில், கண் அசையும்போது இழையும் அசைவதாகத் தோன்றும். 100 மீட்டருக்குச் சரிசெய்த, 40 மி.மீ. லென்சுள்ள கருவியில், 25 மீட்டர் இலக்கில் இப்பிழை 15 மி.மீ. வரை செல்லக்கூடும். ஆதலால் குறுந்தொலைவுப் பணிக்குக் குறுந்தொலைவில் சரிசெய்யக்கூடிய கருவியே ஏற்றது.

பணிக்கேற்ற கருவி

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்போது பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. இன்று காட்டில் இக்கருவி சிறப்பாகப் பயன்படுவது மயக்க ஊசித் துப்பாக்கியிலேயே ஆகும். ஊசி குண்டைவிட மெதுவாகச் செல்வதால் அதன் பாதை மிகுதியும் வளைந்து தாழும். தொலைவைத் தவறாக மதிப்பிட்டால், தொடைத் தசையில் பாயவேண்டிய ஊசி வயிற்றில் பாய்ந்து விலங்கிற்குக் கேடு விளைக்கும். இங்கே வேண்டுவது குறைந்த பெருக்கமும், அகன்ற பார்வைப் பரப்பும், பல தொலைவுகளில் முன்கூட்டியே எய்து பார்த்த பயிற்சியுமே.

இலக்குச் சுடுதலில் நிலைமை வேறு. ஒலிம்பிக் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் தொலைநோக்கிக்கு அனுமதியே இல்லை. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கப் பதக்கம் வென்றதும் துளைவழிக் குறிபார்த்தே. அவ்விலக்கின் நடுப்புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ. மட்டுமே. தொலைநோக்கி அனுமதிக்கப்படும் நெடுந்தொலைவுப் போட்டிகளில், அசையாத இலக்கும் நல்ல ஒளியும் இருப்பதால், மிகுந்த பெருக்கம் பயன்தரும்.

ஓர் எச்சரிக்கை

துப்பாக்கித் தொலைநோக்கியால் புதர்களை ஆராய்தல் கூடாது. கண் செல்லுமிடமெல்லாம் குழல்வாயும் செல்லும். புதரின் பின் மனிதர் இருக்கக்கூடும். தேடுவதற்கு இருகண் தொலைநோக்கியே உரியது.

வகுப்பறைச் சோதனை

7×50 இருகண் தொலைநோக்கியை ஓர் அடி தள்ளிப் பிடித்து, ஒளி மிகுந்த வானத்தை நோக்கித் திருப்புக. கதிரவனை ஒருபோதும் நோக்கலாகாது. கண்ணருகு லென்சில் தோன்றும் ஒளிவட்டத்தை மாணவர் அளவுகோலால் அளந்தால் ஏறத்தாழ 7 மி.மீ. இருக்கும். வேறொரு கருவியையும் அவ்வாறே அளந்து ஒப்பிட்டால், அந்திக்கு ஏற்றது எதுவென அவர்களே கூறிவிடுவர்.