மூன்றாம் மாதத்தில் ஒரு சிறிய படம்



தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் தாய்மார் பலர் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டே தைக்கிறார்கள். ஏழெட்டு மாதமாகியும் பிள்ளைக்குத் தலை நிற்கவில்லை என்றால், "அவன் அப்பனும் லேட்டாத்தான் நடந்தான்" என்பாள் பாட்டி. வார்டில் இந்தச் சொல்லை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். செரிபிரல் பால்சி என்னும் மூளைவாதம் உள்ள பிள்ளை மருத்துவரிடம் வரும்போது பல வேளையில் ஒன்றரை வயது தாண்டிவிடுகிறது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, பிறந்தவுடன் அழாத குழந்தை, கடும் மஞ்சள் காமாலையோ வலிப்போ கண்ட குழந்தை, இவர்களுக்கு ஆபத்து அதிகம். முதல் வருடத்தில் மூளை வேகமாக வளருவதால், அப்போதே பயிற்சியைத் தொடங்குவது நல்லது.

மூன்று மாதக் குழந்தையிடம் எதைப் பார்ப்பது? ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பணிசெய்த ஹைன்ஸ் பிரெக்டல் என்னும் மருத்துவர், குழந்தைகள் தாமாகவே அசைவதை வீடியோவில் பதிந்து ஆராய்ந்தார். மூன்று முதல் ஐந்து மாதம் வரை, விழித்து அமைதியாய்க் கிடக்கும் குழந்தையின் கழுத்திலும் உடலிலும் கைகால்களிலும் சின்னஞ்சிறு அசைவுகள் எல்லாத் திசையிலும் ஓடிக்கொண்டிருக்கும். 1997-இல் அவரும் உடன் ஆய்வாளரும் 130 குழந்தைகளைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார்கள். அவ்வசைவுகள் சரியாயிருந்த 70 பேரில் 67 பேர் நலமாக வளர்ந்தார்கள். அவை இல்லாத, அல்லது மாறுபட்டிருந்த 60 பேரில் 57 பேருக்கு நரம்புக் குறை காணப்பட்டது; அவர்களில் 49 பேருக்கு மூளைவாதம்.

அன்று அதற்கு வீடியோ கேமரா வேண்டும். இன்று தாயின் கைபேசி போதும். பால் குடித்து விழித்திருக்கும் குழந்தையை, கைகால் தெரியும்படி மெல்லிய உடுப்போடு பாயில் மல்லாக்கக் கிடத்தி, கிலுகிலுப்பை காட்டாமல், முழு உடலும் விழும்படி இரண்டு மூன்று நிமிடம் எடுக்க வேண்டும். அழுதால் நிறுத்திவிட்டுப் பின்பு எடுக்கலாம். குறைமாதக் குழந்தைக்கு, பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்தே மூன்று மாதத்தை எண்ண வேண்டும். (பாட்டி மூன்று நிமிடம் கொஞ்சாமல் இருப்பதுதான் இதில் கடினம்!) படத்தைப் பயிற்சி பெற்றவர் பார்த்துச் சொல்ல வேண்டும், நாமே தீர்ப்பிடக் கூடாது. மருத்துவரின் நரம்புப் பரிசோதனையும், தேவையானால் எம்.ஆர்.ஐ. படமும் சேர்ந்தால்தான் முடிவு உறுதியாகும்.

கண்டுபிடித்தபின் வாரந்தோறும் கூலியை விட்டு மதுரைக்குப் பஸ் ஏற எந்தத் தாயால் முடியும்? இதற்கு நமக்குத் தெற்கே, தென்காசி அருகே ஆய்க்குடியில் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். முதுகுத்தண்டில் அடிபட்டுக் கைகால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் அது. அங்கே கிராமப் பணியாளர்கள் 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்னும் செயலியோடு வீட்டுக்கே போகிறார்கள். தூரத்திலிருக்கும் சிகிச்சையாளர் அதன்வழியே பிள்ளையின் நிலையை அறிந்து பயிற்சியை வழிநடத்துகிறார். கருவியைவிட, வாசலுக்கு வந்து தாயின் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கும் அந்தப் பெண்தான் முக்கியம் என்பது என் எண்ணம்.

உங்கள் சபையில் குறைமாதத்தில் பிறந்தோ, இன்குபேட்டரில் இருந்தோ வந்த குழந்தை உண்டானால், மூன்றாம் மாதம் கடக்குமுன் தாயிடம் பேசுங்கள். கைபேசியில் படம் எடுத்து, குழந்தையோடு அதையும் குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள்.