முற்றத்து வெளிச்சமும் விண்ணக முகிலும்

வீட்டு முற்றத்தில் நின்றவாறே, ஆயிரம் ஒளியாண்டுகளுக்கும் அப்பாலுள்ள வான்முகில் ஒன்றைப் படம்பிடித்தல் கூடுமோ என்று வினவினால் நகைப்பவரே பலராவர். அதிலும் வீதி விளக்குகள் விடியுமட்டும் எரியும் மாத்தளை நகரத்து முற்றத்தில்! ஆயினும் அது கூடும் என்பதற்குச் சான்று மிகப் பழையது.

1883ஆம் ஆண்டில் அந்திரூ கொமன் என்பார், இலண்டன் நகரின் புறத்தேயுள்ள ஈலிங்கில், தமது வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குல ஆடி பொருத்திய தொலைகாட்டியை நிறுவி, ஓரியன் உடுத்தொகுதியிலுள்ள பெரும் நெபுலாவைப் படம்பிடித்தார். அவர் வானியற் பேராசிரியர் அல்லர். சுகாதாரப் பொறியியலைத் தொழிலாகக் கொண்டவர். தொலைகாட்டி வழியே நோக்கியும் கண்ணுக்குப் புலப்படாத விண்மீன்கள் அவரது கண்ணாடித் தட்டிற் பதிந்திருந்தன. கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை; தட்டு சேமிக்கும். இக்கலையின் அத்திவாரம் இவ்வளவே.

மாசி மாதத்து முன்னிரவில் அந்நெபுலா நமக்கு ஏறக்குறைய உச்சியிலேயே நிற்கும். திருவாதிரை விண்மீனுக்கு அண்மையில் ஒரே வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்குச் சற்றுத் தெற்கே, மங்கலான புள்ளியாகத் தோன்றுவது அதுவே. தொலைவு ஏறத்தாழ 1,350 ஒளியாண்டு. நகரத்தின் ஒளி அடிவானத்தில் மிகுந்தும் உச்சியிற் குறைந்தும் பரவுதலின், ஏழரைப் பாகை வட அகலக்கோட்டில் வாழும் நமக்கு இது ஒரு பேறே எனலாம். தொல்லையும் ஒன்று உண்டு. கமராவைத் தாங்கி நிற்கும் பொறி, புவியின் சுழற்சிக்கு ஈடாகத் திரும்புதல் வேண்டும். அதனை நேர்ப்படுத்தத் துருவ விண்மீனை நோக்குவது வழக்கம். அதுவோ நமக்கு அடிவானத்திலிருந்து ஏழரைப் பாகை உயரத்திலேயே உளது. மலை சூழ்ந்த மாத்தளையில் ஒரு குன்றோ, அயல்வீட்டுப் பலாமரமோ அதனை மறைத்துவிடும். அவ்வாறாயின், வேறொரு விண்மீன் படத்தில் மெல்ல மெல்ல விலகும் திசையை அறிந்து பொறியைத் திருத்துவதன்றி வழியில்லை. பொறுமையைச் சோதிக்கும் பணி அது.

நகர வானில் ஒரு மணி நேரம் தொடர்ந்து கமராவைத் திறந்து வைப்பின் படம் முழுவதும் வெளுத்துப்போகும். ஆதலால் ஒரு நிமிடப் படங்கள் நூறு எடுத்து, கணினியில் ஒன்றன்மேலொன்றாகப் பொருத்திச் சராசரி காண்பர். நெபுலாவின் ஒளி எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் நிற்கும். இரைச்சல் எனப்படும் புள்ளிக் குழப்பமோ படத்துக்குப் படம் மாறுவதால், நூறு படங்களின் சராசரியில் பத்திலொரு பங்காகக் குறையும். ஆனால் கணக்குக் கடுமையானது. வானம் பத்து மடங்கு வெளுத்திருப்பின், அதே தெளிவைப் பெறப் பத்து மடங்கு நேரம் வேண்டும். இருண்ட மலைக்கிராமத்தில் ஒரு மணி நேரத்தில் முடிவது, இங்கே சில இரவுகளை விழுங்கிவிடும்.

நெபுலாவுக்கேனும் ஓர் உபாயம் உண்டு. அதன் ஐதரசன் வாயு 656 நனோமீற்றர் அலைநீளமுள்ள செந்நிறத்திலும், ஒட்சிசன் 501 நனோமீற்றர் அளவிலுள்ள பச்சை நிறத்திலும் சிறப்பாக ஒளிர்வன. அவற்றை மட்டும் உள்ளே விடும் வடிகண்ணாடியைப் பொருத்தினால் வீதியின் ஒளியிற் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும். விண்மீன் மண்டலங்களிடத்தில் இவ்வுபாயம் பலிப்பதில்லை. அவை கோடானுகோடி விண்மீன்களின் கூட்டம். எல்லா நிறமும் கலந்தே அவற்றின் ஒளி வருகின்றது. இன்றைய வெண்ணிற எல்.ஈ.டி. விளக்கின் ஒளியும் பல நிறங்கள் கலந்ததே. இரண்டையும் எவ்வாறு பிரிப்பது? சித்திரை இரவுகளில் கன்னி இராசியின் மண்டலக் கூட்டம் நம் தலைக்கு மேலாகவே கடந்து செல்கின்றது. வெளுத்த வானத்தினூடே அதனைப் படம்பிடித்தல் அரிது. 25 இலட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள அந்திரோமெடா மண்டலமோ, ஐப்பசி கார்த்திகையில், நமது மழைக்காலத்திலன்றோ உயர்ந்து நிற்கின்றது!

பெரிய தொலைகாட்டிகளையும் இத்துன்பம் விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவில், லொஸ் ஏஞ்சலிஸ் நகரை நோக்கி நிற்கும் வில்சன் மலையில் நூறு அங்குலத் தொலைகாட்டி இருந்தும், அந்திரோமெடாவின் நடுப்பகுதியைத் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துக் காண இயலாதிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அந்நகரின் விளக்குகள் மறைக்கப்பட்டன. ஜெர்மனியிற் பிறந்தவராதலால் போர்ப்பணிக்கு அழைக்கப்படாத வோல்டர் பாடே, அவ்விருளைப் பயன்படுத்தி 1943இல் அவ்விண்மீன்களைப் பிரித்துப் படமாக்கினார். 1944இல் முடிவுகளை வெளியிட்டார். போர் முடிந்தது, விளக்குகள் மீண்டன. நம் நாட்டிலோ, மொறட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தின் 45 சென்டிமீற்றர் தொலைகாட்டி நகர வெளிச்சத்தின் நடுவிலேயே நிற்கின்றது.

விளக்குகளை அணைத்துவிடுக என நாம் சொல்லோம். இரவு வேலை முடிந்து வரும் பெண்ணுக்கு வீதி இருளாதல் கூடாது. யானை நடமாடும் தம்புள்ளை, சீகிரியாப் பக்கத்துக் கிராமங்களுக்கு வெளிச்சம் உயிர்க்காவல். ஆனால் மேல்நோக்கிச் செல்லும் ஒளி எவருடைய காலடியையும் காட்டுவதில்லை. அதற்கும் நாமே கட்டணம் செலுத்துகின்றோம். விளக்கின்மேல் மூடியொன்றை வைத்து, ஒளியைக் கீழே திருப்பினாற் போதும். நமது மாணவருட் பலர் பால்வீதியைப் பாடநூலிற் கண்டுள்ளனரேயன்றி வானத்திற் கண்டிலர். கமராவும் கணினியும் நெபுலாவை மீட்டுத் தரலாம். வெறுங்கண்ணுக்கு உரிய பால்வீதியை அவை மீட்டுத் தருவதில்லை.

தொடங்க விரும்புவோர் அமாவாசையை ஒட்டிய இரவுகளைத் தேர்தல் நன்று. முதலில் ஓரியன் நெபுலாவையே முயல்க. மாசி மகத்தையொட்டி, மாத்தளை முத்துமாரியம்மன் தேர்த்திருவிழாக் காலத்திலோ முழுநிலா வானத்தை ஆட்கொள்ளும். அவ்வேளையில் கமராவை உறையிலிட்டு வைத்துவிட்டுத் தேர் பார்க்கச் செல்வதே உத்தமம்.