முத்திரை வரையும் மாணவரும் நம் சங்கங்களும்

நெசவாளர் சங்கமாயினும் விளைவிப்போர் சங்கமாயினும், சரக்குக்கு ஒரு முத்திரை வேண்டுமென்று நிர்வாகக் குழு எண்ணும்போதே, "கல்லூரிப் பிள்ளை எவரையேனும் கொண்டு வரைந்து கொள்ளலாம், செலவு இராது" என்ற பேச்சும் எழுவதைத் தணிக்கைக்குச் செல்லும் இடங்களில் கேட்டு வருகிறோம். மாணவரைக் கொண்டு வரைவிப்பதில் பிழையில்லை. செலவு இராது என்பதில்தான் நமக்கு ஐயம். வரைகலையில் மேற்பட்டப் படிப்புப் படிப்போர் செய்யும் வேலை எத்தகையது என்பதை, அங்கத்தினர்கள் நாள்தோறும் காணும் ஒரு குறியைக் கொண்டே விளக்கலாம்.

அது நம் ரூபாய்க் குறி. 2009ஆம் ஆண்டு இந்திய அரசு இதற்கெனப் போட்டி வைத்தது. 3,000க்கு மேற்பட்ட வரைவுகள் வந்தன. ஐந்து இறுதிக்குத் தேர்ந்தன. 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்டது த. உதயகுமார் வரைந்ததை. கள்ளக்குறிச்சியில் பிறந்தவர்; சென்னையில் கட்டடக் கலை பயின்று, பின் பம்பாய் ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையத்தில் மேற்பட்டம் பெற்று, அங்கேயே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர். ஆய்வுப் பொருள் தமிழ் அச்செழுத்துக்களின் வடிவம். மேற்பட்ட மாணவராய் இருந்தபோதே 'பராசக்தி' என்னும் தமிழ் எழுத்துரு ஒன்றை அமைத்திருந்தார். ஆகவே அக்குறி ஒரு மாலைப் பொழுதில் தோன்றிய கோலமன்று. எழுத்தின் வளைவையும் கோட்டின் கனத்தையும் ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகிய கண்ணின் வேலை.

குறியைச் சற்று உற்று நோக்குங்கள். தேவநாகரியின் 'ர' எழுத்தும், நிமிர்ந்த தண்டை நீக்கிய ரோமன் 'ஆர்' எழுத்தும் அதில் ஒன்றாய்க் கலந்துள்ளன. மேற்கோடு தேவநாகரி எழுத்துக்களின் தலைக்கோடு. இரு கோடுகளும் இடைவெளியும் சேர்ந்து மூவர்ணக் கொடியை நினைவூட்டுகின்றன. சமக்குறி போலவும் நிற்கின்றன. இத்தனை பொருளையும் ஏற்றியபின் எஞ்சியது இரண்டு கோடு, ஒரு வளைவு, ஒரு சாய்கால். கணக்கப்பிள்ளை பேனாவை அதிகம் எடுக்காமல் எழுதிவிடலாம். நம் முத்திரைகளிலோ தறி, இராட்டை, நெற்கதிர், கோபுரம், உதயசூரியன் அனைத்தும் ஒரே வட்டத்துக்குள் நெருக்கியடிக்கக் காண்கிறோம். ரப்பர் முத்திரையாக்கிச் சாக்கில் குத்தினால் மைத்திட்டுதான் மிஞ்சும்.

வரைந்ததோடு வேலை முடியவுமில்லை. 2010 அக்டோபரில் யூனிகோடு எழுத்துத் தொகுப்பில் அதற்கு இடம் கிடைத்தது. 2011இல் நாணயங்களில் வந்தது.

வென்றவருக்குப் பரிசு இரண்டரை இலட்சம் ரூபாய். அமெரிக்காவில் 1971இல் கரோலின் டேவிட்சன் என்ற வரைகலை மாணவி நைக்கி காலணிக்கு வரைந்த குறிக்குப் பெற்றது 35 டாலர். 1983இல்தான் அந்நிறுவனம் அவருக்கு மோதிரமும் பங்குகளும் அளித்தது.

இனி நம் பக்கத்துச் செய்தி. ஒரு நெசவாளர் சங்கத்தின் முத்திரையை வரைந்த மாணவர், சில ஆண்டுகள் கழித்து அதே வரைவைத் தனியார் ஜவுளி வியாபாரிக்கும் கொடுத்துவிட்டார். விசைத்தறிச் சேலையில் சங்க முத்திரை ஒட்டி விற்றது. கைத்தறிச் சேலை கிடங்கில் தேங்கியது. பத்திரம் தேடினோம். தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரியுமில்லை. வவுச்சரில் "முத்திரை வரைந்தவருக்குத் துண்டு 1" என்றிருந்தது. அந்தப் பிள்ளையை மட்டும் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். கொடுப்பவர் கையொப்பமிட வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிக்காவிடில் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். பல சங்கங்கள் இதை அறியா. ஆதலின் தொகை, காலம், எந்தச் சரக்குகளுக்கு என்பவற்றைத் தீர்மானத்தில் எழுதி, மாணவரின் கையொப்பம் பெற்று, அதன்பின் 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின்கீழ்ப் பதிவுக்கு அனுப்புக. அசல் வரைவைப் பெட்டகத்தில் வையுங்கள். அச்சகத்தாரிடம் விட்டுவைக்க வேண்டாம்.