பாடசாலைத் தோட்டமும் கிணற்று நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழைநீர் மண்ணில் ஊறிச் சுண்ணாம்புக் கற்பாறை வெடிப்புக்களில் தங்குகின்றது. குடிப்பதற்கும் பயிருக்கும் அந்நீரே கிணறுகளின் வாயிலாகக் கிடைக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இடப்படும் நைதரசன் பசளையின் ஒரு பகுதியும் அதே வழியிற் கீழிறங்குகின்றது. கமச்செய்கை மிகுந்த இடங்களிற் பல கிணறுகளின் நீரில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்துள்ளமை ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. அத்தகைய நீர் கைக்குழந்தைகளுக்குக் கேடு விளைப்பதாகும். ஆதலால் இங்கு பாடசாலைத் தோட்டம் மரக்கறி விளையும் இடம் மட்டுமன்று. உணவும் குடிநீரும் ஒரே மண்ணிலிருந்து வருவன என்பதை மாணவர் செய்தறியும் இடமுமாகும்.

பாத்தியும் பயிரும்

பாத்தியின் அகலம் 4 அடிக்கு மேற்படலாகாது. சிறுவர் உள்ளே மிதிக்காது இருபுறமும் நின்று களை பிடுங்க அதுவே ஏற்றது. மாரியில் நீர் தேங்காதவாறு பாத்தியை உயர்த்தி வெண்டி, பயிற்றை, கத்தரி என்பவற்றைப் பயிரிடலாம். முளைக்கீரை ஏறக்குறைய ஒரு மாதத்திற் பயன்தருவதாற் சிறு வகுப்பினர்க்கு உகந்தது. விடுமுறையில் நீரின்றிப் பயிர் வாடுவதுண்டு. வேலியோரம் முருங்கையும் ஒரு புறத்தில் மரவள்ளியும் இருப்பின் அவை வறட்சியைத் தாங்கும்.

பசளை

இலைகுழை, சாணம், சாம்பல் என்பவற்றை அடுக்கி, ஈரம் காத்து, இடையிடையே புரட்டிவரின் ஏறக்குறைய மூன்று மாதங்களிற் கூட்டெரு கிடைக்கும். எருவும் மிஞ்சினால் நைத்திரேற்றாகி நீருடன் இறங்கும். எனவே எருக்கிடங்கு கிணற்றிற்கு அண்மையில் அமைதல் ஆகாது.

கணக்கும் பழக்கமும்

ஒரே அளவான இரு பாத்திகளில் ஒரே பயிரை இட்டு, ஒன்றிற்கு மட்டும் சருகு பரப்புக. ஒவ்வொன்றிற்கும் இறைத்த வாளிகளையும் அறுவடையின் நிறையையும் மாணவர் குறிப்பேட்டில் எழுதிவருக. எப்பாத்தியின் ஈரம் நெடிது நின்றது என்பதை அக்கணக்கே உணர்த்தும்.

தோட்டவேலையைத் தண்டனையாக விதித்தல் தகாது; அவ்வாறு விதித்தால் உழைப்பின்மேல் வெறுப்பே வளரும். ஆண், பெண் இருபாலாரும் முறைவைத்துச் செய்து, விளைந்ததைப் பகிர்ந்துண்ணல் வேண்டும். மண்ணுக்கேற்ற பசளையளவை அவ்வூர் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிதல் நன்று. அளவறிந்து பசளையிடப் பழகிய மாணவர் நாளை தம் கமத்தையும் ஊர்க்கிணற்றையும் ஒருங்கே காப்பர்.