ஊர்க்காவல்: வெட்சியா, கரந்தையா?

எங்கள் கேளம்பாக்கம் பக்கம் ஊர்க்காவல் படை என்றால் திருப்போரூர்த் திருவிழாவில் விசில் ஊதிக் கூட்டத்தை ஒதுக்குகிற ஆட்கள். அவ்வளவுதான். உள்நாட்டுப் போர் நடந்த இலங்கையில் இதே சொல்லுக்கு எடை வேறு. அங்கே 1980களின் நடுப்பகுதியிலிருந்து எல்லைக் கிராமத்துச் சிங்களவர் கையிலும் பின்னர் கிழக்கின் முஸ்லிம்கள் கையிலும் அரசு துப்பாக்கி கொடுத்தது. உன் ஊரை நீயே காத்துக்கொள் என்பது ஏற்பாடு.

இதன் தேவையை மறுப்பதற்கில்லை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் கொன்றார்கள். அடுத்த வாரமே ஏறாவூர். ராணுவம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று கண்டுகொண்டவனிடம், துப்பாக்கி எதற்கப்பா என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் கேட்க முடியாது.

சிக்கல் அதற்குப் பிறகு. 1992 ஏப்ரல் இறுதியில் பொலன்னறுவை மாவட்டத்து அழிஞ்சிப்பொத்தானையில் புலிகள் முஸ்லிம்களைக் கொன்றார்கள். உடனேயே பக்கத்துத் தமிழ்க் கிராமங்களான கரப்பொல, முத்துக்கல் இரண்டிலும் புகுந்து கொன்றவர்களில் முஸ்லிம் ஊர்க்காவல் படையினரும் இருந்தார்கள். இரு பக்கமும் ஐம்பதுக்குக் குறையாத உயிர்கள்.

பழிக்குப் பழி என்று சொல்லி இதை முடித்துவிடுகிறோம். தொல்காப்பியம் வேறு மாதிரி யோசிக்க இடம் தருகிறது. ஆநிரை கவர்தலையும் மீட்டலையும் அது வெட்சி என்ற ஒரே திணைக்குள் வைக்கிறது. பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலைதான் மீட்டலைக் கரந்தை என்று தனித்திணையாகப் பிரித்தது. கவர்கிறவனுக்கு ஒரு பூ, மீட்கிறவனுக்கு வேறு பூ. நவீன அரசுகளுக்கு இந்தப் பிந்தைய இலக்கணம்தான் வசதி. கரந்தை என்று பெயர் சூட்டிவிட்டால் பிறகு நடப்பதெல்லாம் காவல் கணக்கில் சேர்ந்துவிடும். பழைய வகைப்பாட்டை என் வாசிப்பில் ஓர் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்கிறேன்: காவலும் தாக்குதலும் ஒரே களத்தில் முளைப்பவை, இரண்டுக்கும் நடுவே இருப்பது பூ மட்டும்தான்.

துப்பாக்கி தருகிற அதிகாரம் 'ஊர்' எது என்பதையும் சேர்த்தே வரைந்துவிடுகிறது. பக்கத்துக் கிராமம் ஊருக்கு வெளியே போய்விடுகிறது. அந்தக் கோட்டை காவலுக்கு நிற்கிறவன் போடவில்லை. ஆனால் சாவதும் கொல்வதும் அவன்தான்.

2006இல் இந்தப் படை சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக மாறியது. 2009இல் போர் முடிந்த பிறகும் அது கலையவில்லை. வன்னியில் முன்னாள் புலிகளையே பண்ணை வேலைக்கு எடுத்துச் சம்பளம் கொடுத்தது. யாரிடமிருந்து ஊரைக் காக்க ஆரம்பித்ததோ, அவர்களுக்கே அது முதலாளி. காக்க வேண்டிய ஊர் எது என்பதை மட்டும் ஊராரிடம் இன்றுவரை யாரும் கேட்கவில்லை.