பிள்ளையைப் பார்க்கும் உரிமை: காதியார் எழுதிய வரி போதுமா?

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கமிருந்து காத்தான்குடி, புத்தளம், கொழும்பு என்று வெளியூர்களில் கல்யாணம் முடித்துக் கொடுப்பது எமது மலையக முஸ்லிம் குடும்பங்களில் சாதாரணம். அந்தக் கல்யாணம் முறிந்தால் மகள் பிள்ளையோடு உம்மா வீட்டுக்கு வந்துவிடுகிறாள். வாப்பா அங்கேயே இருந்துவிடுகிறார். பள்ளிவாசல் இணக்க வேலைகளில் நான் அதிகம் கேட்ட கேள்வி தலாக்கைப் பற்றியதல்ல. "பிள்ளையைக் காட்ட மாட்டேன் என்கிறார்கள், என்ன செய்வது?" என்பதுதான்.

அப்படி வருபவர்களில் பலரும் காதியார் எழுதிய ஒரு துண்டைக் காட்டுவார்கள். "தகப்பன் பிள்ளையைப் பார்க்கலாம்" என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை நம்பி ஏமாற வேண்டாம். 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதிமாருக்கு விவாகரத்து, மஹர், கைக்கூலி, தாபரிப்பு போன்றவற்றில் அதிகாரம் தருகிறது. பிள்ளை யாரிடம் இருப்பது, மற்றவர் எப்போது பார்ப்பது என்பது மாவட்ட நீதிமன்றத்துக்குரிய விடயம். அங்கும் ஹழானத் பற்றிய எமது மார்க்கச் சட்டம் கவனிக்கப்படும்; கூடவே பிள்ளையின் நலனும் பார்க்கப்படும். காதியார் முன் இருவரும் மனமொத்து எழுதியது நல்லதுதான். ஆனால் ஒருவர் மனம் மாறினால் அதை வைத்துப் பொலிஸில் போய் நிற்க முடியாது.

நீதிமன்றக் கட்டளை இருந்தால் நிலைமை வேறு. அதை மீறுவது நீதிமன்ற அவமதிப்பாகலாம். எனினும் கட்டளை தெளிவாக இருக்க வேண்டும். "நியாயமான நேரங்களில் பார்க்கலாம்" என்று இருந்தால் எது மீறல் என்று யார் சொல்வது? காத்தான்குடியிலிருந்து ஹட்டனுக்கு வர ஒரு பகல் போய்விடும். எந்த வாரம், எங்கே ஒப்படைப்பது, பஸ் செலவு யாருடையது, இரவு தங்கலாமா, வீடியோ அழைப்பு எத்தனை மணிக்கு என எல்லாவற்றையும் எழுதிக் கேளுங்கள்.

விடுமுறையில் ஒரு சிக்கல் உண்டு, பலர் யோசிப்பதில்லை. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை நோன்பு காலத்தில். ஹட்டனில் தமிழ்ப் பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கு அது கிடையாது. வாப்பா நோன்பு விடுமுறையைக் கேட்பார், பிள்ளை வகுப்பில் இருக்கும். ஆகவே எந்தப் பாடசாலையின் விடுமுறை என்றும், இரு பெருநாட்களில் எது யாருக்கு என்றும் கட்டளையிலேயே இருக்கட்டும்.

பிள்ளையைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருந்தால் மாகாண மேல் நீதிமன்றத்திலோ மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ ஆட்கொணர்வு மனு போடலாம். வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விட்டால்? 1980 ஆம் ஆண்டின் ஹேக் சமவாயத்தை இலங்கை 2001 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்றுள்ளது. 16 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்பவும், பார்க்கும் உரிமையைக் கேட்கவும் நீதி அமைச்சின் ஊடாக அதில் வழியுண்டு. ஆனால் எம்மவர் அதிகம் தொழில் செய்யும் சவூதி, கட்டார், குவைத், அமீரகம் எதுவும் அந்தச் சமவாயத்தில் இல்லை. அந்நாடுகளுக்குப் பிள்ளை போக முன்னரே நீதிமன்றம் சென்று பயணத்தைத் தடுக்கக் கேட்பதே புத்தி.

இன்னொன்று. "காசு அனுப்பவில்லை, ஆகவே காட்ட மாட்டேன்", "காட்டவில்லை, ஆகவே அனுப்ப மாட்டேன்" என்ற இரண்டுமே பிழை. தாபரிப்புக்குக் காதியாரிடம் போங்கள், பார்ப்பதற்கு மாவட்ட நீதிமன்றம் போங்கள். சட்டத்தரணிக்கு வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.