மிலிட்டரிக்காரருக்கு ஒரு இலை போடுங்க! முன்னாள் வீரர்களை ஊரோட சேர்க்கும் பந்தி

'மிலிட்டரிக்காரர்'னு சொன்னதும் என்ன ஞாபகம் வருது? முறுக்கு மீசை, கேன்டீன் சரக்கு, விறைப்பான நடை. காரியாபட்டி, திருச்சுழி மாதிரி வானம் பார்த்த பூமியில, மழையை நம்பாம சம்பளத்தை நம்பிப் பட்டாளத்துக்குப் போனவங்க உண்டு. அவங்க திரும்பி வரும்போது என்ன வயசு தெரியுமா? சிப்பாயாகச் சேர்ந்தவர், பென்ஷனுக்குத் தேவையான 15 வருஷ சர்வீஸை முடிச்சா முப்பதுகளின் நடுவுலயே வீட்டுக்கு வந்துடலாம்.

பிரச்னையும் அங்கேதான் ஆரம்பிக்குது. கூடப் படிச்சவங்க கடை, தோட்டம், மொய் நோட்டுன்னு ஊர்ல வேர் விட்டிருப்பாங்க. இவருக்கு ஊர் தெரியும். ஊரோட கடைசி 15 வருஷம் தெரியாது. எல்லையில பார்த்ததை வீட்லயும் சொல்ல முடியாது. சிலர் அமைதியா ஒதுங்கிடுவாங்க, சிலர் பாட்டிலோட.

இவங்க பழகின உலகத்துல சாப்பாடு வேற மாதிரி. ராணுவத்துல 'படாகானா'ன்னு ஒண்ணு உண்டு. இந்தியில பெரிய சாப்பாடுன்னு அர்த்தம். பண்டிகை, படைப்பிரிவு தொடங்கிய நாள்னா அதிகாரியும் சிப்பாயும் ஒண்ணா உட்கார்ந்து ஒரே சாப்பாடு சாப்பிடுவாங்க. பல நேரம் அதிகாரிகளே கரண்டி பிடிச்சுப் பரிமாறுவாங்க. 1758-ல ஆரம்பிக்கிற வரலாறு உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட்ல, தென் மாநிலங்களின் எல்லா சாதிக்காரர்களும் ஒரே 'லங்கர்' சோறுதான். 'நாம், நமக், நிஷான்'னு ராணுவத்துல சொல்வாங்க. பெயர், உப்பு, கொடி. உப்பிட்டவரை மறக்காதேன்னு நம்ம அப்பத்தா சொல்றதேதான்!

இதுக்கு ஆராய்ச்சியும் இருக்கு. கெய்ட்லின் வூலி, அயலெட் ஃபிஷ்பாக் ரெண்டு பேரும் 2019-ல வெளியிட்ட ஆய்வுல, முன்பின் தெரியாதவங்களை ஜோடியா உட்காரவெச்சு சிப்ஸ் கொடுத்தாங்க. அப்புறம் ஒருத்தர் நிர்வாகம், ஒருத்தர் தொழிற்சங்கம்னு சம்பளப் பேரம். ஒரே கிண்ணத்துல சாப்பிட்டவங்க சராசரியா 9 'வேலைநிறுத்த நாள்'ல சமாதானம் ஆனாங்க. தனித்தனிக் கிண்ணம்னா 13. காரணம் சிம்பிள்: பொதுக் கிண்ணத்துல கை வைக்கும்போது, அடுத்தவருக்கு மிச்சம் இருக்கான்னு பார்த்தாகணும்.

நம்ம ஊர் கிடாவெட்டை யோசிங்க. நாற்காலி போட்டு மைக் வெச்ச கூட்டத்துல, "எனக்குப் பென்ஷன் நின்னுபோச்சு"ன்னு ஒரு ஹவில்தார் எழுந்து சொல்ல மாட்டார். வெங்காயம் உரிக்கிறப்போ சொல்லிடுவார். பக்கத்துல இருக்கிறவர், "ஸ்பார்ஷ்ல இந்த வருஷம் உயிர்வாழ் சான்று போட்டியாப்பா?"ன்னு கேட்பார். பாதிப் பிரச்னை அடுப்படியிலயே முடிஞ்சிடும். அதைவிட முக்கியம், எப்பவும் வர்றவர் இந்தத் தடவை வரலைன்னா இலை காலியா கிடக்கும். யாராவது பைக்கை எடுத்துட்டுப் போய்ப் பார்ப்பாங்க.

ஆனா, ஊர்ப் பந்தி லங்கர் இல்லை. யார் பக்கத்துல யார் உட்காரலாம்னு சாதி பார்க்கிற இடமாவும் அது இருந்திருக்கு. லடாக்ல ஒரே தட்டுல சாப்பிட்டவங்க இங்கே வேற வேற தெருவுக்குப் பிரிஞ்சு போறது கொடுமை. கறிவிருந்துன்னா ஆம்பளைங்க மட்டும்னு முடிவு பண்ணிடுறதுல, கணவரை இழந்த வீர மனைவிகள் வெளியிலேயே நின்னுடுறாங்க. பென்ஷன் சந்தேகம் அவங்களுக்குத்தான் அதிகம். அவங்களுக்கும் இலை போடாத விருந்து என்ன விருந்து?

முதல் இந்தியத் தளபதி கரியப்பா 1953 ஜனவரி 14-ல ஓய்வுபெற்ற நினைவாத்தான் அந்தத் தேதி முன்னாள் படைவீரர் தினம். போகி இல்லைன்னா பொங்கல் அன்னிக்கே வந்துடும். உங்க தெரு மிலிட்டரிக்காரரைச் சாப்பிடக் கூப்பிட இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. ஒண்ணே ஒண்ணு, "எத்தனை பேரைச் சுட்டீங்கண்ணே?"ன்னு ஆரம்பிச்சிடாதீங்க. "லங்கர்ல என்னண்ணே போடுவாங்க?"ன்னு கேளுங்க.